மூன்றாவது குறி

உறையூர்,
4-2-1962.

அன்புத் தங்கை காளியாயிக்கு, மயிலம்மாள் எழுதும் மடல்.

நீயும் பூங்கோதையும் அங்கே நலமாக இருக்க வேண்டும். இங்கும் நலமே என்று எழுதித் தொடங்குவது வழக்கம். அந்தச் சொல்லை எழுத என் எழுதுகோல் இன்று ஒப்பவில்லை. நம் கணவர் படுத்த படுக்கையாகிவிட்டார்.

ஐந்தாண்டாக ஒரு வரியும் எழுதாதவள் இன்று எதற்கு எழுதுகிறாள் என்று நீ கேட்பாய். உன் முகவரி எனக்குத் தெரியாது. பொன்மலைப் பணிமனையில் உன் தம்பி வீரமலையோடு முன்பு வேலை பார்த்த தைரியராசைத் தேடிப் போனேன். முதலில் அவர் முகவரி தர மறுத்தார். "குடுக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டுல்ல கரக்பூருக்கு ரயிலேறுனான் வீரமலை. இருந்தாலும் சாகக் கெடக்குற மனுசன்னு சொல்றீங்க. அந்தப் பாவம் எனக்கெதுக்கும்மா" என்று சொல்லி எழுதிக் கொடுத்தார். அவர்மீது சினம் கொள்ளாதே. என்மீது கொள்.

சிறுநீரகம் இரண்டும் பழுதுபட்டுவிட்டன என்கிறார் மருத்துவர். முகமும் காலும் வீங்கியிருக்கின்றன. உப்பில்லாத கஞ்சிதான் உணவு. ஒரு சொல் முணுமுணுக்காமல் குடிக்கிறார். உப்புக் குறைந்தால் தட்டைத் தள்ளி வைக்கிற மனிதரை நீயும் அறிவாய், நானும் அறிவேன். இந்தப் பணிவைக் காணத்தான் எனக்கு அச்சமாக இருக்கிறது. ஒரு புடவையை இரண்டு விரலால் தடவியே எத்தனையாம் எண் நூல் என்று சொன்னவர் அல்லவா அவர்! உறையூர்த் தறிகாரர்கள் அவர் விரலுக்கு நடுங்குவார்கள். அந்த மனிதர் இப்போது புதுப் போர்வை ஒன்று கொடுத்தால் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போர்த்துக்கொள்கிறார்.

யாரையும் கேட்பதில்லை. காய்ச்சல் ஏறும்போது மட்டும் "கோதை, கோதை" என்கிறார்.

ஊர்ச் செய்தி சொல்வதானால், எங்கும் தேர்தல் முழக்கம். கூட்டத்துக்கு வந்து பேசுங்கள் என்று நாள்தோறும் வாயிலில் வந்து நிற்கிறார்கள். நான் போகவில்லை. காவிரியில் நீர் வற்றிவிட்டது. மணலில் நடந்தே திருவரங்கத்துக்குப் போய்விடலாம் போலிருக்கிறது. அங்கே மேலூர்ச் சாலையில் நீ இருந்த வீட்டில் ஓர் ஆசிரியர் குடும்பம் குடியிருக்கிறது. கிணற்றடியில் நீ நட்ட முருங்கை காய்க்கிறதாம். இங்கே துணி வெளுக்கும் காத்தான் ஒவ்வொரு முறையும் "சின்னம்மா எப்ப வருவாங்க?" என்று கேட்கிறான். நான் ஏதேனும் சொல்லி அனுப்புகிறேன்.

உன்னைப் பிரியச் செய்த அந்த மூன்றாமவளைப் பற்றி நீ கலங்க வேண்டாம். அந்த உறவு என்றோ முடிந்துவிட்டது. அவளைப் பற்றி அவரிடம் ஒரு சொல்லும் கேளாதே, நானும் கேட்டதில்லை. பழையதைத் தோண்டுவதால் யாருக்கும் பயனில்லை. வந்து முகம் காட்டு. கோதையையும் அழைத்து வா. அது போதும்.

உன் வரவை எதிர்நோக்கும்
மயிலம்மாள்.


உறையூர்,
17-2-1962.

காளியாயிக்கு,

இந்த மடலைக் கோதையைப் படிக்கச் சொல்லாதே. எழுத்துக் கூட்டி நீயே படி. எத்தனை நாழிகையானாலும் நீயே படி. மேடைத் தமிழ் பேசிப் பேசி என் தமிழ் இறுகிப்போனது. இயன்றவரை எளிதாகவே எழுதுகிறேன்.

நீ சொல்லக் கோதை எழுதிய விடை வந்தது. அதை நான்கு முறை படித்தேன். "எம்புருசன் செத்து அஞ்சு வருசம் ஆச்சு. இப்ப என்னத்துக்கு நீங்க கருமாதிக்கு ஆளு சேக்குறீங்க? அந்த மூணாவது மவராசிதான் இருக்காளே. அவளக் கூப்பிட்டு வாய்க்கரிசி போடச் சொல்லுங்க. எளங்கை, நல்லாத்தான் போடுவா" என்று எழுதச் சொல்லியிருந்தாய். அது எனக்கு வலிக்கவில்லை. உனக்கு அந்த உரிமை உண்டு.

உன் சொற்களுக்குக் கீழே, தாளின் ஓரத்தில், மிகச் சிறிய எழுத்தில் கோதை தானாக ஒரு வரி சேர்த்திருக்கிறாள். அது உனக்குத் தெரிந்திராது. "பெரியம்மா, நாங்கள் அங்கே இருந்தபோதே அப்பாவுக்கு என்ன நோய்?" இவ்வளவுதான். அவளை அடிக்காதே. அந்த ஒரு வரிதான் என்னை இப்போது எழுத வைக்கிறது. பன்னிரண்டு வயதுப் பெண் கேட்டுவிட்ட வினாவை, நாற்பதைக் கடந்த நாம் இருவரும் ஒருநாளும் கேட்கவில்லை.

மூன்றாமவள் என்று ஒருத்தி இல்லை, காளியாயி. எந்நாளும் இருந்ததில்லை. நான் பொய் சொன்னேன்.

இனி நீ அறிந்ததையும் அறியாததையும் சேர்த்து வரிசையாகச் சொல்கிறேன். பாதியில் கிழித்தெறியாதே. கோதையின் பொருட்டேனும் முடிவுவரை படி.

பிள்ளையில்லை என்று அவருக்கு உன்னை மணம் பேசியபோது என் ஒப்புதலைக் கேட்டார்கள். கொடுத்தேன். கொடுக்காமல் இருக்க உன்னால் முடியுமா என்று யாரும் கேட்கவில்லை. மறு ஆண்டே அத்தகைய மணத்தைத் தடுக்கும் சட்டம் வந்தது. அதை வாழ்த்தி நானே மூன்று ஊர்களில் பேசினேன். கைதட்டினார்கள். பேசி முடித்து வீட்டுக்கு வந்தால், அது அவர் உன் வீட்டில் இருக்கும் வாரம்.

ஒரு வாரம் இங்கே, ஒரு வாரம் அங்கே. நீ இந்தப் பக்கம் வந்ததில்லை. நான் அந்தப் பக்கம் வந்ததில்லை. நமக்குள் போய் வந்தவை அவருடைய துணிகள் மட்டுமே. இங்கே காத்தான் சேங்கொட்டைச் சாற்றால் வேட்டி ஓரத்தில் மூன்று புள்ளி வைப்பான். அங்கே உன் வீட்டுக்கு வெளுக்கிறவன் ஒரு பெருக்கல் குறி போடுவான். அவர் வேட்டி ஒவ்வொன்றிலும் இரண்டு குறியும் இருக்கும். நம் வாழ்க்கைக்கு அதைவிடத் தெளிவான பத்திரம் எங்கும் எழுதப்படவில்லை. உன் குறியைப் பார்க்கும்போதெல்லாம் உன்னையே பார்த்ததாக எண்ணி, அந்தப் பக்கத்தை உட்புறம் மடித்து வைப்பேன்.

அந்த ஆண்டுகளில் அவர் மாறினார். எனக்குத் தனித் தம்ளர் கொடு என்றார். தனித் தட்டு என்றார். பக்கத்தில் படுப்பதில்லை. உன்னோடு நெருங்கியதால் என்னை விலக்குகிறார் என்று நான் உறுதியாக நம்பினேன். இடுமருந்து என்பதெல்லாம் மூடத்தனம் என்று ஊரெங்கும் முழங்கியவள்தான் நான். ஆனாலும் உன் வீட்டுச் சோற்றில் ஏதோ இருக்கிறது என்று அடிமனத்தில் ஓர் ஐயம் இருந்துகொண்டே இருந்தது.

ஐம்பத்தேழாம் ஆண்டு, ஆடி மாதம். காத்தான் ஒரு சட்டையைக் கொண்டு வந்து காட்டினான். "அம்மா, இந்தா பாருங்க. இது எங்குறி. இது அரங்கத்து வீட்டுக் குறி. இது யாரு வீட்டுக் குறி? மூணாவதா ஒரு தொறையில வெளுத்திருக்கு" என்றான். ஒரு வட்டம், அதனுள் ஒரு புள்ளி. விழித்த கண் ஒன்று என்னைப் பார்ப்பது போலிருந்தது.

அந்தச் சட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டு முதன்முறையாக ஆற்றைக் கடந்து உன் வாயிலுக்கு வந்தேன். நீ என்னை மேலும் கீழும் பார்த்தாய். "உள்ள வாங்க. வாசல்ல நின்னா ஊரு பாக்கும்" என்றாய். சட்டையை விரித்துக் காட்டினேன். நீ சிரித்தாய். "எங்கிட்டயும் நாலு சட்டை இருக்குக்கா, அதே குறியோட. அது நீங்க வண்ணான மாத்தினதுன்னு நெனச்சேன்" என்றாய். நீ என்னை அக்கா என்றழைத்தது அப்போதுதான்.

பிறகு நாட்களைச் சேர்த்துப் பார்த்தோம். நீ சுவர் நாள்காட்டியில் அவர் வந்த நாளுக்கெல்லாம் மஞ்சள் பொட்டு வைத்திருந்தாய். ஆசிரியையான என்னிடம் பள்ளி நாட்குறிப்பு இருந்தது. சனிக்கிழமை காலை என் வீட்டைவிட்டுப் புறப்படுகிறவர், ஞாயிறு மாலை உன் வீட்டுக்கு வந்திருக்கிறார். அரை மணி நேரப் பேருந்துப் பயணத்துக்கு ஒன்றரை நாள்! அந்த நேரத்தில் அவர் உன்னிடம் இருப்பதாக நானும், என்னிடம் இருப்பதாக நீயும் எண்ணி இருந்திருக்கிறோம். நாம் இருவரும் பேசிக்கொள்வதில்லை என்பதே அவருக்கு மறைவிடமாயிற்று.

அன்று நீ உன் ஐயத்தையும் சொன்னாய். "புள்ளையத் தூக்க மாட்டேங்குறாரு. கிட்ட வந்தா தள்ளி நிக்கச் சொல்றாரு. நீங்கதான் மருந்து வச்சுட்டீங்கன்னு சமயபுரத்துப் பக்கம் ஒரு ஆளுகிட்ட மருந்தெடுக்கக் கூட்டிப் போனேன்க்கா. அந்தாளு முதுகத் தடவிப் பாத்துட்டு, இது மருந்தில்ல தாயி, வேறன்னான். வேறன்னா என்னன்னு சொல்லாமலே வெத்தல பாக்கத் திருப்பிக் குடுத்துட்டான்" என்றாய். ஒருத்தி சோற்றை ஒருத்தி ஒன்பதாண்டு ஐயுற்றதை எண்ணி, இருவரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம். வேறு என்றால் என்ன என்று அந்த வேளையிலும் நாம் எண்ணிப் பார்க்கவில்லை. ஒருமுறை இன்னொருத்தியால் இடம் இழந்தவளுக்கு, எந்தக் குறியைப் பார்த்தாலும் இன்னொருத்திதான் தெரிகிறாள்.

அவரைப் பின்தொடர்வது என்று முடிவு செய்தோம். பக்கத்து வீட்டுச் சாரா பீவியிடம் வெள்ளைத் துப்பட்டி இரவல் கேட்டேன். "ஏம்மா மயிலு, மேடையில சிங்கம் மாதிரி கத்துற. சொந்தப் புருசனப் பாக்கப் போவ முக்காடு வேணுமாக்கும்?" என்று கேட்டுக்கொண்டே கொடுத்தார். அந்தச் சனிக்கிழமை முகத்தை மறைத்துக்கொண்டு அவர் ஏறிய பேருந்திலேயே ஏறினேன். அவர் நகர எல்லைக்கு அப்பால் இறங்கிச் சாலையில் தனியே நடந்தார். ஒரு மதிற்சுவர், ஒரு வாயில், ஒரு பலகை. பலகையைப் படித்தேன்.

தொழுநோயாளர் மருத்துவமனை என்றிருந்தது.

முற்றமெங்கும் கொடி கட்டி வெள்ளைத் துணி உலர்த்தியிருந்தார்கள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் அந்தக் கண். தாழ்வாரத்தில் வரிசையாக உட்கார்ந்தவர்களுக்கு நடுவே அவர், காலைத் தண்ணீர்ச் சட்டியில் ஊற வைத்துக்கொண்டு குனிந்திருந்தார். இருதயமேரி என்னும் கன்னியர் ஒருவர் என்னிடம் வந்து, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். நான் கொடியில் தொங்கிய துணியின் குறியைக் காட்டினேன். "அதுவாம்மா? இங்க வந்து தங்குறவங்க துணிய வெளிய எந்த வண்ணாரும் வாங்க மாட்டாரு. நாங்களே கொதிக்க வச்சு வெளுத்துக் குடுக்குறோம். கலந்துடக் கூடாதுன்னு ஒரு குறி" என்றார். அவரைக் காட்டிக் கேட்டேன். "அவரா? அவருக்கு யாருமில்ல. ஒத்தக்கட்டைன்னுதான் எழுதிக் குடுத்திருக்காரு. ஆனா வரும்போதெல்லாம் ஒண்ணே ஒண்ணு கேப்பாரு, கொழந்தையத் தூக்கலாமா சிஸ்டர்னு. மாத்திரை ஒழுங்காச் சாப்பிடுங்க, இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கன்னு சொல்லியிருக்கேன்" என்றார்.

தனித் தம்ளர், தனித் தட்டு, தனிப் பாய் எல்லாவற்றின் பொருளும் எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. அவர் நம்மை வெறுத்து விலகவில்லை. நமக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாது என்று விலகினார்.

திரும்பும் வழியெல்லாம் உன்னிடம் எப்படிச் சொல்வது என்றே எண்ணி வந்தேன். இது உண்மை, நம்பு. வீட்டுக்குள் நுழைந்தேன். செய்தி அறிய முதன்முறையாக ஆற்றைக் கடந்து வந்திருந்த நீ, என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். உன் மடியில் கோதை உறங்கிக்கொண்டிருந்தாள். அவள் பிறந்தபோது, "ஒரு நல்ல தமிழ்ப் பேரு சொல்லு மயிலு" என்று அவர் என்னைக் கேட்டார். எனக்கு மகள் பிறந்தால் வைக்க எடுத்து வைத்திருந்த பெயரைச் சொன்னேன். அந்தப் பெயரோடு அவள் உன் மடியில் கிடந்தாள்.

"பாத்தீங்களாக்கா? யாரு அவ?" என்று கேட்டாய்.

பார்த்தேன் என்றேன். உன்னைவிட இளையவள் என்றேன். ஒரு குழந்தையும் இருக்கிறது என்றேன்.

நீ அழவில்லை. "நீங்க எப்படிக்கா ஒம்பது வருசம் தாங்குனீங்க?" என்று கேட்டாய். வேறு எவரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆயிரம் பேர் நடுவே தடையின்றி ஓடும் நாக்கு, ஒருத்தி முன் ஒட்டிக்கொண்டது. மூன்றாம் நாள், அவரிடம் ஒன்றும் கேளாமல், அவர் கடைக்குப் போன நேரம் பார்த்து வீரமலையோடு நீ போய்விட்டாய்.

ஏன் சொன்னேன் என்று இந்த ஐந்தாண்டும் என்னையே கேட்டு வருகிறேன். நான் பட்டது என்ன என்பதை உன் முகத்தில் ஒருமுறை பார்க்க வேண்டும் என்றிருந்தது. பார்த்துவிட்டேன். இன்னொன்றும் உண்டு. அந்த நோய் எனக்கு மட்டும் தெரிந்தால், அவரும் எனக்கு மட்டும் உரியவராவார் என்று எண்ணினேன். அருவருக்க வேண்டிய வேளையில் நான் ஆசைப்பட்டேன். இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டு அவர் நேரே இங்கே வந்தார். "அவளுக்குத் தெரிஞ்சு போச்சா?" என்றார். எது என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். சற்றுக் கழித்து, "நல்லதுதான் செஞ்சா. புள்ளையக் காப்பாத்திட்டா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தம் நோயை அறிந்து நீ அருவருத்து ஓடிவிட்டாய் என்று அவர் நம்பினார். அதனால்தான் உன்னைத் தேடி வரவில்லை. நீயோ, தேடி வராததையே இன்னொருத்திக்குச் சான்றாக எடுத்துக்கொண்டிருப்பாய். என் ஒரு பொய் இரண்டு பேரிடமும் போய் இரண்டு பொய்யாயிற்று. நான் நடுவில் இருந்து இரண்டையும் காத்தேன். எனக்குத் தெரியும் என்பதை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. சனிக்கிழமைதோறும், "கடைவேலை இருக்கு" என்று அவர் புறப்படுவார். "போயிட்டு வாங்க" என்று நான் சொல்வேன். ஈராண்டுக்கு முன் நோய் முற்றும் அடங்கிவிட்டது, இனி எவருக்கும் தொற்றாது என்று சொல்லிவிட்டார்களாம், இருதயமேரியிடம் கேட்டறிந்தேன். தொற்றாது என்றறிந்தபோது அவர் தூக்குவதற்குக் குழந்தை இங்கே இல்லை. செத்த விரல்கள் பிழைக்கவும் இல்லை, அந்நோய் முன்பே கெடுத்திருந்த சிறுநீரகம் தேறவும் இல்லை.

இப்போது மிகவும் முதன்மையானது. இதை மட்டும் இரண்டு முறை படி. கோதையின் உடலில் வெளிறிய தேமல் உண்டா, கிள்ளினால் உணராத இடம் உண்டா என்று பார். உன் உடலிலும் பார். என் உடலை நான் காட்டிவிட்டேன், ஒன்றுமில்லை. ஏதேனும் இருந்தால் அஞ்சாதே. தொடக்கத்திலேயே மாத்திரை உண்டால் அடங்கிவிடும் என்கிறார் இருதயமேரி. இதை ஐந்தாண்டு உனக்குச் சொல்லாமல் மறைத்தேனே, என் குற்றங்களில் இதுவே பெரிது. கணவனிடமிருந்து உன்னைப் பிரித்ததை நீ ஒருநாள் மன்னித்தாலும் மன்னிப்பாய். இதை மன்னிக்க வேண்டாம்.

உன்னிடம் சொல்லிவிட்டேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. இந்த மடலின் படி ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். நாளை அவருக்குப் படித்துக் காட்டுவேன். அதற்குப் பின் அவர் என் கையால் கஞ்சி குடிப்பாரா என்பது தெரியாது.

குற்றமுடைய
மயிலம்மாள்.


உறையூர்,
19-2-1962.

காளியாயிக்கு,

இன்று காலை உனக்குத் தந்தி கொடுத்தேன். தந்தியில், புறப்படு என்று மட்டுமே சொல்ல முடிந்தது. மற்றதை இம்மடல் சொல்லும். தந்தி கண்டு நீ முன்பே புறப்பட்டுவிட்டால், இது உனக்குப் பின்னால் வந்து சேரட்டும்.

நேற்று அவருக்கு முழுதும் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். உறங்கிவிட்டாரோ என்று இடையில் நிறுத்தினேன். "படி" என்றார். துப்பட்டி போட்டுக்கொண்டு போன இடம் வந்தபோது கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "அன்னைக்கு வாசல்ல நின்னது நீதான்னு எனக்குத் தெரியும் மயிலு. முகத்த மூடுன, செருப்ப மூடலியே. நான் வாங்கிக் குடுத்த செருப்புதான?"

ஐந்தாண்டாக அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். அது எனக்குத் தெரியாது. நான் உன்னிடம் உண்மையைச் சொன்னேன், அதனால் நீ போனாய், நான் மட்டும் அருவருக்காமல் தங்கினேன் என்று இத்தனை நாளும் என்னைப் பெரியவளாக எண்ணியிருக்கிறார். அந்த நன்றிக்காகத்தான் உப்பில்லாத கஞ்சியை ஒரு சொல் இல்லாமல் குடித்திருக்கிறார். இதைக் கேட்டபோது எனக்கு நேர்ந்ததை எழுத மாட்டேன். அது உன் கவலையன்று.

படித்து முடித்தேன். ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் மெல்ல எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். எத்தனையோ நாளாக அவர் தாமாக எழுந்ததில்லை.

"அப்ப அவ அருவருத்துப் போவலியா?" என்றார்.

இல்லை என்றேன்.

"இன்னொருத்தி இருக்கான்னு நெனச்சா போனா? கோவத்துலயா?"

ஆம் என்றேன்.

"எனக்காகப் பொறாமைப்பட்டுப் போயிருக்கா!" என்றார். சிரித்தார், காளியாயி. வீங்கிய முகம் முழுதும் சிரித்தது. என்னைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. நல்லதோ கெட்டதோ, அந்த அறையில் நான் இருப்பதே அவர் நினைவில் இல்லை. ஐந்தாண்டு பொய் சொல்லி நான் பெற முடியாத முகத்தை, உன் சினத்தை அவர் கேட்ட மாத்திரத்தில் நீ பெற்றுவிட்டாய். அது உனக்கு உரியது. நேரில் வந்து பார்த்துக்கொள்.

பிறகு, "வருவாளா?" என்று கேட்டார். வருவாள் என்று சொல்லிவிட்டேன். இதையும் பொய்யாக்கிவிடாதே.

இன்று முகம் மழிக்கச் சொன்னார். காத்தானை அழைத்து அந்தப் பழைய வெள்ளைச் சட்டையை வெளுத்து வரச் சொன்னார். காத்தான் அதன் ஓரத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மூணு குறி போட்ட சட்டை இது ஒண்ணுதான் மிச்சம்ங்க. சின்னம்மா வர்றாங்களா?" என்று கேட்டான். இந்த முறை நான் ஏதேனும் சொல்லி அனுப்பவில்லை. தெரியாது என்றேன்.

மருத்துவர் இன்னும் ஒரு வாரம்தான் என்கிறார். கல்கத்தா மெயிலில் ஏறிச் சென்னைக்கு வந்து, எழும்பூரில் திருச்சி வண்டி பிடி. தைரியராசு நாள்தோறும் நிலையத்தில் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். என் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்று தயங்காதே. நீ வந்ததும் நான் சாரா பீவியின் வீட்டுக்குப் போய்விடுவேன். கஞ்சிக் கலயம் அடுப்பின் வலப்பக்கம் இருக்கும். மருந்துகளைப் புட்டி மாறாமல் வரிசையாக வைத்திருக்கிறேன். இது இனி உன் வீடு. நீ கூப்பிட்டால் ஒழிய அதன் வாயிலை மிதிக்க மாட்டேன்.

கோதையின் உடலைப் பார்த்தாயா? அதை மட்டும், நீ வராவிட்டாலும், ஓர் அட்டையில் எழுதிப் போடு. ஒன்றுமில்லை என்னும் ஒரு சொல்லுக்காக அஞ்சற்காரர் வரும் நேரத்தில் தெருவையே பார்த்து நிற்கிறேன். மகளைப் பெறாதவளின் வாழ்த்து பலிக்குமோ பலிக்காதோ. பொய் சொன்னவளின் வாழ்த்து பலிக்குமோ பலிக்காதோ. பலிப்பதானால், அவள் தோல் முழுதும் உணர்வோடு நூறாண்டு வாழட்டும்.

ஒன்று சொல்ல மறந்தேன். நீ வந்ததும் பழக்கத்தில் அவர் கையைப் பற்றுவாய். பற்றாதே, பற்றியது அவருக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டி உன்னை மகிழ்விக்கப் பார்ப்பார். அவருக்கு இப்போது உணர்வு எஞ்சியிருப்பது முகத்தில்தான். கோதையின் உள்ளங்கையை எடுத்து அவர் கன்னத்தில் வை. சற்று நேரம் எடுக்க விடாதே.

என்றும் உனக்குக் கடன்பட்ட
மயிலம்மாள்.